கூண்டு ஏறிய ஒன்பது நாட்கள்

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு டெல்லி அதிகாரி வருகிறார் என்று போன வாரம் தந்தி வந்ததிலிருந்து தேவகிருபைக்கு வேறு நினைப்பே இல்லை.

சர்க்காருக்காகச் சர்வகலாசாலையில் நடக்கும் ஆராய்ச்சிகளுக்கெல்லாம் ஒப்பந்தம் எழுதுவதும், எழுதியபடி வேலை நடக்கிறதா என்று பார்ப்பதும் அவளுடைய செக்ஷனின் வேலை. செக்ஷன் என்றால் அவள், ஒரு டைப்பிஸ்டு, நான்கு இரும்பு அலமாரிகள். அந்த அலமாரிகளில் இருந்த ஒப்பந்தங்களில் பெரியது கடலரிப்பு ஆராய்ச்சிதான். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடல் ஏன் கரையைத் தின்கிறது, எந்த இடத்தில் எத்தனை ஆழத்துக்குக் கருங்கல் சுவர் போட்டால் நிற்கும் என்று கண்டு சொல்வதாகப் பேராசிரியர் அருள்பிரகாசம் ஒப்புக்கொண்டிருந்தார். முதல் மூன்று மாத அறிக்கை டெல்லிக்குத் திருப்தியாக இருந்தால் ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருஷம் நீளும்.

தினமும் கடலுக்குப் போனது பேராசிரியர் அல்ல, தேவகிருபையின் தம்பி வேதமாணிக்கம். விடிந்ததும் காசிமேட்டுக்குப் போய்க் கிருஷ்ணப்பனின் படகில் ஏறி, ஆறு இடங்களில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்து எழுதி வருவான். அவன் இந்த வேலைக்கு மனுப் போட்டபோது, அந்தத் தேர்வில் தனக்குச் சம்பந்தம் வேண்டாம் என்று அவள் ரிஜிஸ்திராருக்கு எழுதிக் கொடுத்து விலகிக்கொண்டாள். ஆனாலும் அக்காள் வாங்கிக் கொடுத்த வேலை என்று நாலு பேர் சொல்லத்தான் சொன்னார்கள்.

அறிக்கை பைண்டாகித் தயாராக இருந்தது. முதல் பக்கத்தில் அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. 'ஒப்பந்தப்படி தொண்ணூற்றிரண்டு நாட்களும் அளவுகள் எடுக்கப்பட்டன' என்ற வரிக்குக் கீழே. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அதை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பா ஞானதுரை ஒரு காகிதத்தோடு வந்து நின்றார். ராயபுரம் மார்க்கெட் பக்கத்தில் அவருக்குக் கருப்பட்டி மொத்த வியாபாரம். திருச்செந்தூர்ப் பக்கமிருந்து வந்து முப்பது வருஷம் ஆகியும் இங்கிலீஷ் கடிதம் என்றால் மகள்தான் எழுத வேண்டும். தூத்துக்குடித் தோணியில் வந்த சரக்கு நனைந்துபோனது பற்றி ஏஜெண்டுக்கு விளக்கம் கேட்டு எழுத வேண்டுமாம்.

"தோணி வந்து வெளியவே நின்னுட்டுன்னு எழுதுளா. நவம்பர் இருபத்தெட்டுல இருந்து டிசம்பர் ஆறு முடிய துறைமுகத்துல புயல் கூண்டு எறங்கவேயில்ல. ஒரு படகு உள்ள போவல. ஒரு கட்டுமரம் போவல. ஒம்பது நாளு சரக்கு மழையிலயே கெடந்துது."

தேவகிருபை எழுதிக்கொண்டே வந்தாள். இரண்டு தேதிகளையும் எழுதி முடித்த பிறகு பேனா நகரவில்லை.

அந்த ஒன்பது நாள் அவளுக்கும் நினைவிருந்தது. காசிமேட்டில் மூன்று வரிசைக் குடிசைகளைக் கடல் கொண்டுபோனது அப்போதுதான். சர்ச்சில் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். அம்மா ஞானபாக்கியம் பழைய சேலைகளைக் கட்டிக் கொடுத்தனுப்பினாள்.

அறிக்கையைப் பிரித்தாள். நவம்பர் இருபத்தெட்டு, ஆறு இடங்களிலும் ஆழம் இருந்தது. இருபத்தொன்பதுக்கும் இருந்தது. ஒன்பது நாளுக்கும் இருந்தது. அதுமட்டுமல்ல, நாளுக்கு அரை அடி வீதம் ஆழம் ஒரே சீராகக் கூடிக்கொண்டு போயிருந்தது. அடுத்த வாரத்து அளவுகளைப் பார்த்தாள். அவை ஒரு நாள் ஏறி ஒரு நாள் இறங்கி, கடல் எப்படி இருக்குமோ அப்படி இருந்தன.

அப்பாவின் கடிதத்தை முடித்துக் கொடுத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனாள். வேதமாணிக்கம் கிணற்றடியில் முகம் வழித்துக்கொண்டிருந்தான்.

"மாணிக்கம், கூண்டு ஏறியிருந்த ஒன்பது நாளும் நீ கடலுக்குப் போனியா?"

அவன் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. கத்தியைக் கழுவினான். துண்டால் முகத்தைத் துடைத்தான். பிறகு, போகவில்லை என்றான்.

"அந்த அளவெல்லாம்?"

"நான்தான் எழுதினேன்."

ஏன் என்று கேட்டதற்கு அவன் துண்டை உதறிக் கொடியில் போட்டான். அவள் கோபப்படவில்லை. கோபப்பட இன்று நேரம் கிடையாது என்று தோன்றியது. ஒன்பது மணி பஸ்ஸுக்குக் கிளம்பு, நீயும் என்னோடு வரவேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

டிராம் நின்றுபோய் இரண்டு வருஷமாகிறது. பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்ததே பெரிது. பஸ் கடற்கரை ரஸ்தாவில் போயிற்று. அவள் மனத்துக்குள் ஒப்பந்தத்தைப் புரட்டிக்கொண்டே வந்தாள். நாற்பது ஷரத்துகளும் அவளுக்கு மனப்பாடம். பன்னிரண்டாவது ஷரத்தில் தெளிவாக இருந்தது: காற்று மழையால் அளவு எடுக்க முடியாமல் போனால் காரணத்தைக் குறித்துக் காலியாக விடலாம். அதற்காக ஒரு கேள்வியும் வராது. முப்பத்தோராவது ஷரத்து வேறு மாதிரி. பொய்யான தகவல் கொடுத்தால் ஒப்பந்தம் அந்த நிமிஷமே ரத்து. சர்வகலாசாலைக்கு வேறு ஒப்பந்தம் கொடுப்பதும் டெல்லியின் இஷ்டம்.

காலியாக விட்டிருந்தால் ஒன்றுமே இல்லை. அதுதான் அவளுக்கு மனம் ஆறவில்லை.

பேராசிரியர் அருள்பிரகாசம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு அறையைச் சீராக்கிக்கொண்டிருந்தார். சுவரில் பெரிய வரைபடம் மாட்டியிருந்தது. தொண்ணூற்றிரண்டு நாளும் ஒரே கோடாக, ஒரு இடத்திலும் அறுபடாமல் ஓடியது. அடுத்த மாதம் பூனாவில் நடக்கும் மாநாட்டில் அவர் இதைத்தான் காட்டப் போகிறார்.

அவள் சொன்னதை அவர் நின்றபடியே கேட்டார். தம்பியை ஒரு பார்வை பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

பையன் தெரியாமல் செய்துவிட்டான் போலிருக்கிறது, மிகவும் வருத்தமான விஷயம் என்றார் பேராசிரியர். ஆனால் ஒன்பது நாள் பெரிய விஷயமில்லை, டெல்லிக்காரர்கள் தேதி தேதியாகப் பார்க்கமாட்டார்கள், இப்போது கிளறினால் பையனின் எதிர்காலம் போய்விடும், அவனுக்கு ஆராய்ச்சிப் பட்டம் முடிய ஒரு வருஷம்தான் இருக்கிறது என்று மெதுவாக எடுத்துச் சொன்னார். கடைசியில், "உங்கள் தம்பிக்காகத்தான் சொல்கிறேன். கையெழுத்தைப் போட்டுவிடுங்கள், மிஸ் கிருபை" என்றார்.

"அந்த வரி பொய் சார். அதுக்குக் கீழே என் பேர் வராது."

செக்ஷனுக்குப் போய் டைப்பிஸ்டை எழுப்பிவிட்டுத் தானே மெஷின் முன் உட்கார்ந்தாள். புதிய முதல் பக்கம். எண்பத்து மூன்று நாட்கள் அளவு எடுக்கப்பட்டது. நவம்பர் இருபத்தெட்டு முதல் டிசம்பர் ஆறு வரை புயல் எச்சரிக்கையால் எடுக்கப்படவில்லை. அந்தத் தேதிகளுக்கு அறிக்கையில் காணும் அளவுகள் உண்மையானவை அல்ல, அவை வாபஸ் பெறப்படுகின்றன. நான்கு பிரதி அடித்தாள். ரிஜிஸ்திரார் இரண்டு தடவை படித்துவிட்டு, இதற்கு நீதான் பொறுப்பு என்றார். அது தன் வேலைதானே என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

டெல்லி அதிகாரி ஹபீபுல்லா சரியாகப் பதினொன்றுக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். சொந்த ஊர் வாணியம்பாடி, டெல்லியில் பதினைந்து வருஷ உத்தியோகம். ரிஜிஸ்திரார் இங்கிலீஷில் ஆரம்பித்ததும், தமிழிலேயே பேசலாம், கேட்டு ரொம்ப நாளாயிற்று என்று சிரித்தார்.

பேராசிரியர் வரைபடத்தின் பக்கம் கையை நீட்டுவதற்கு முன்பே தேவகிருபை எழுந்தாள்.

"சார், அறிக்கையைப் பார்க்கிறதுக்கு முன்னால இந்த ஒரு பக்கத்தைப் படிச்சிடுங்க."

அவர் படித்தார். சிரிப்புப் போய்விட்டது. அறிக்கையைப் பிரித்து அந்த ஒன்பது நாளின் அளவுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"மெள்ள அரிக்கிற கடலுக்கு ஒரு சுவர் போடணும். ஒரே ராத்திரியில பிடுங்கிக்கினு போற கடலுக்கு வேற சுவர் போடணும். இந்தக் கணக்கை நம்பி நாங்க முதல் சுவரைப் போட்டிருப்போம். அடுத்த புயல்ல கல்லும் போயிருக்கும், கல்லுக்குப் பின்னால குடியிருக்கிறவங்களும் போயிருப்பாங்க. இதை யார் எழுதினது?"

வேதமாணிக்கம் எழுந்து நின்றான்.

"நான் சார்."

"யாராவது எழுதச் சொன்னாங்களா?"

"இல்ல சார். நானாத்தான்."

பேராசிரியர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹபீபுல்லா அறிக்கையை மூடி வைத்தார். பிறகு தேவகிருபையின் பக்கம் திரும்பி, இந்தப் பையன் உங்களுக்கு உறவா என்று கேட்டார், இருவர் சாயலையும் பார்த்து. கூடப் பிறந்த தம்பி என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

அப்புறம் வேலை சீக்கிரம் நடந்தது. காலியாக விட்டு அனுப்பியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்றார். இப்போதும் ஒப்பந்தத்தை நிறுத்தப் போவதில்லை, ஏனென்றால் தவறைக் கண்டுபிடித்துச் சொன்னது சர்வகலாசாலையே. வேறொருவர் கண்டுபிடித்திருந்தால் கதை வேறு. வருகிற மழைக்காலத்தில் கூண்டு இறங்கிய முதல் நாளே கரையை அளக்க வேண்டும். அந்தப் பையன் இந்த வேலையில் இருக்கக்கூடாது. நடந்தது என்ன, யார் செய்தது என்று இன்று மாலைக்குள் ஒப்பந்தச் செக்ஷனிலிருந்து ஒரு கடிதம் தனக்கு வந்துசேர வேண்டும். நாளை சாயங்காலம் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் தான் டெல்லிக்குத் திரும்புவதாகச் சொன்னார்.

அந்தக் கடிதத்தை எழுதியதும் அவள்தான். 'ஆராய்ச்சி உதவியாளர் வேதமாணிக்கம், யாருடைய தூண்டுதலும் இன்றி, தாமாகவே' என்று அடிக்கும்போது கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் அடித்து முடித்தாள். மூன்று மணிக்கு ஆள் மூலம் அவர் தங்கியிருந்த விருந்தினர் மாளிகைக்கு அனுப்பினாள். ஒப்பந்தத்துக்கு இன்னும் இரண்டு வருஷம், அதை நம்பியிருந்த பதினாலு பேருக்கு வேலை, டெல்லியிலேயே நல்ல பெயர். தம்பியைத் தவிர எல்லாம் தப்பியது.

தம்பி மத்தியானமே கிளம்பிப் போயிருந்தான். ஐந்து மணிக்கு அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அம்மா தெருமுனையிலேயே நின்றிருந்தாள். மாணிக்கம் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. தேவகிருபை செருப்பைக்கூடக் கழற்றாமல் காசிமேட்டுக்கு நடந்தாள்.

கரையில் வலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கடல் கொண்டுபோன இடத்துக்கு இந்தப் பக்கம் புது ஓலையில் குடிசைகள் எழும்பியிருந்தன. அதில் ஒன்று கிருஷ்ணப்பனுடையது. அவர் அவளைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"தம்பி இங்கதாம்மா கீது. படகாண்ட குந்திகினு கீது. இன்னும் ஒரு வாய் துன்ல. கேட்டா பேச மாட்டேங்குது."

அவள் அந்தப் பக்கம் அடியெடுத்து வைத்தபோது, கொஞ்சம் இரும்மா என்று சொல்லிக் குடிசைக்குள் போனார். ஒரு தகரப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். உப்புத் தண்ணீர் பட்டு அட்டை உப்பியிருந்தது. வேதமாணிக்கம் படகில் பென்சிலால் குறித்துக்கொள்ளும் புத்தகம் அது. அதைப் பார்த்துத்தான் பிறகு பெரிய ரிஜிஸ்தரில் மசியால் எழுதுவான். அது தொலைந்துபோனதாக அவன் டிசம்பரில் செக்ஷனுக்கு எழுதிக் கொடுத்திருந்தான்.

"பொயலு ஓஞ்சி மறு வாரம் தம்பி இத்த என்னாண்ட குட்து, நடுக்கடல்ல கடாசிடு நைனான்னு சொல்லிச்சு. எனக்கு மன்சு வர்ல. எழ்தின பொஸ்தகத்த எப்டிமா தண்ணில கடாசுறது? பொட்டியில வெச்சிகினேன். நானு பட்ச்சவன் இல்ல. உள்ளாற இன்னா கீதுன்னு தெரியாது. ஆனா இன்னிக்கி தம்பி மொகத்தப் பாத்தா, இத்த உன்னாண்ட குட்க்கணும்னு தோணிச்சு."

அவள் பக்கங்களைப் புரட்டினாள். நவம்பர் இருபத்தெட்டு. தம்பியின் பென்சில் எழுத்து: 'கூண்டு ஏறியிருக்கிறது. படகு போகவில்லை.' இருபத்தொன்பது, அதே வரி. ஒன்பது நாளும் அதே வரி. இந்தப் புத்தகத்தில் அவன் ஒரு நாளும் பொய் எழுதவில்லை.

ஒன்பதாம் நாளுக்குக் கீழே சிவப்பு மசியில் வேறு கையெழுத்து. 'இடைவெளி கூடாது. முன்னும் பின்னும் உள்ள அளவுகளைக் கொண்டு நிரப்புக.' கீழே இரண்டு இங்கிலீஷ் எழுத்து, டிசம்பர் எட்டாம் தேதி. அந்தச் சிவப்பு மசியை அவள் தினமும் பைல்களில் பார்க்கிறாள். பேராசிரியரைத் தவிர அந்தக் கட்டடத்தில் அதை யாரும் உபயோகிப்பதில்லை.

படகின் மறுபக்கம் போனாள். வேதமாணிக்கம் மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். புத்தகத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். காலையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"அவர் பேரு வெளிய வந்தா ஒப்பந்தமே போயிரும், ஒப்பந்தம் போனா ஒங்கக்கா செக்ஷனை மூடிருவாங்கன்னு சொன்னாரு. நீ எத்தன வருசம் அதுக்குப் பாடுபட்டேன்னு எனக்குத் தெரியும்லா அக்கா. நான் ஒருத்தன் போனாப் போதும்னு நெனச்சேன்."

அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அழுகை வரும் என்று அவனும் நினைத்தான், அவளும் நினைத்தாள். வரவில்லை.

"ஒப்பந்தத்தை நடத்துறது நான். அது நிக்குமா போகுமான்னு எங்கிட்ட கேக்கணும். அவருகிட்டயால கேப்பே?" என்றாள். பிறகு, "இன்னிக்கு உம்பேர்ல நான் பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன் மாணிக்கம். தெரியாமப் போட்டது. தெரிஞ்ச பிறகு அது ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. நாளைக்கு சாயங்காலம் ரயிலு. காலையில டெல்லிக்காரரைப் போய்ப் பாக்கோம்."

பட்டம் போய்விடுமே என்றான். போனதுதானே இன்றைக்கு என்றாள். அவன் முதல் தடவையாகச் சிரித்தான். கிருஷ்ணப்பன் கேட்டுக்கொண்டே வந்து, தானும் கூட வந்து சாட்சி சொல்வதாகச் சொன்னார். கூண்டு ஏறினால் தன் படகு எங்கே நிற்கும் என்று இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்றார். அவர் பெண்சாதி கொடுத்த சுட்ட மீனையும் சோற்றையும் தம்பி அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டான். அதன் பிறகுதான் அவள் அவனை எழுப்பினாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு இருவரும் தெருவுக்குள் நுழைந்தார்கள். வீட்டு வாசலில் ஒரு கறுப்பு மோட்டார் நின்றது. தெருவே கூடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே பேராசிரியர் அருள்பிரகாசம் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அப்பா எதிரே பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் பார்த்துப் பல வருஷமாகிறது.

"வா மாணிக்கம், வா. ஏளா கிருபா, சார் வாயால கேளு. தம்பிய சீமைக்கு அனுப்பப் போறாராம். அங்கன அவருக்குத் தெரிஞ்ச வாத்தியாருகிட்ட எடம் இருக்காம். இன்னிக்கு ஏதோ சின்னப் பெசகு நடந்துட்டாம்லா, அத மறந்துரணுமாம். ஒரு பழைய நோட்டு எங்கயோ காணாமப் போச்சாம், அது கெடச்சா மட்டும் அவருகிட்டக் குடுத்துரணுமாம்."

கதவருகே அம்மா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றாள். பேராசிரியர் தேவகிருபையைப் பார்த்துப் புன்னகை செய்தார். நாள் முழுவதும் ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தது அந்தப் புன்னகை.

அவள் நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைத்துச் சிவப்பு மசிப் பக்கத்தைத் திறந்தாள். தன் உள்ளங்கையை அதன்மேல் அழுத்திக்கொண்டாள்.

"கிடைச்சிட்டுது சார். ஆனா இது ஒப்பந்தத்தைச் சேர்ந்த ரிக்கார்டு. நான்தான் வெச்சிருக்கணும்."

பேராசிரியர் காபி தம்ளரைக் கீழே வைத்தார். புன்னகை அப்படியேதான் இருந்தது. ஆனால் அவர் இப்போது அவளைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தார். சீமைக்குப் போகிற கப்பல் தேதியைக்கூட விசாரித்தாகிவிட்டது என்று அவனிடம் சொன்னார்.

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகளையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது என்ன பொஸ்தகம்? ஏல மாணிக்கம், என்ன நடக்கு இங்க?"

தேவகிருபை தம்பியின் பக்கம் திரும்பினாள். இதை அவள் சொல்லக்கூடாது.

வேதமாணிக்கம் மூலையிலிருந்த முக்காலியை இழுத்துக் கொண்டுவந்து பேராசிரியருக்கு நேர் எதிரில் போட்டான். உட்கார்ந்தான்.

"சொல்லுதேன் அப்பா," என்றான். "சாரும் இருக்கட்டும்."